கேம் கைட் புத்தகம் வாங்குவதற்கு முன்: என் பணம் போன வழி

வீடியோ கேமை எப்படி விளையாடி முடிப்பது என்று வழி சொல்லும், அச்சில் வரும் ஸ்ட்ராட்டஜி கைட் புத்தகங்களுக்காக இரண்டு வருடத்தில் எனக்குச் செலவானது 12,000 ரூபாய்க்கு மேல். அதில் பாதிக்கு மேல் தண்டம். மீதிப் பணத்துக்கு வாங்கியதை இரட்டிப்பு விலை கொடுத்துக் கேட்டாலும் தர மாட்டேன், அந்த அளவுக்குப் பிடித்துவிட்டது. நம் பக்கத்தில் கேம் விளையாடுகிறவர்கள் நிறையப் பேர். கைட் புத்தகம் வாங்குகிறவர்கள் அபூர்வம். அதனால் வாங்கும் முன் விவரம் கேட்க எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. கேட்டவர்கள் எல்லாம், "நெட்ல எல்லாம் சும்மாவே கிடைக்குதே, இதுக்கு எதுக்குக் காசு?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்தப் பதில் பாதி சரி. மற்ற பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வளர்ந்தது நாகர்கோவிலில். பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2 என்ற கேம் கருவி) காலத்தில் எங்களுக்கு வந்த டிஸ்க் எல்லாம் சித்தப்பா சென்னை பர்மா பஜாரிலிருந்து வாங்கி வந்தவை. பிளாஸ்டிக் உறை மட்டும் இருக்கும். பெட்டி கிடையாது, மேனுவல் கிடையாது. எந்தப் பட்டன் எதற்கு என்பதையே தட்டித் தடவித்தான் கண்டுபிடிப்போம். எங்காவது மாட்டிக்கொண்டால் வடசேரி பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய், கேம்ஃபேக்ஸ் தளத்தில் ஏதோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்த வாக்த்ரூவை (கேமைத் தொடக்கம் முதல் முடிவு வரை விளையாடும் வழிக்குறிப்பை) தேடி, வேண்டிய பக்கங்களை மட்டும் பிரிண்ட் எடுப்போம். முழுவதும் எடுக்கக் காசு கட்டுப்படியாகாது. வைஸ் சிட்டி கேமின் சீட் கோடுகள் (குறுக்கு வழி தரும் பட்டன் வரிசைகள்) கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதப்பட்டு வகுப்பு முழுக்கச் சுற்றும். அதே காலத்தில் அமெரிக்கக் கடைகளில் கேம் டிஸ்க்குக்குப் பக்கத்திலேயே வண்ண வண்ணமாக கைட் புத்தகங்கள் அடுக்கியிருந்தன என்று எனக்குத் தெரிந்தது வெகு காலம் கழித்து. பிரீமா 1990-லும் பிராடிகேம்ஸ் 1993-லும் தொடங்கிய நிறுவனங்கள். அந்தத் தொழிலை ஆண்டவை இவை. 2015-ல் இரண்டும் ஒன்றாகின. 2018 நவம்பரில் பிரீமா கடையை மூடப்போவதாக அறிவித்து, அடுத்த வருடமே மூடிவிட்டது. இன்று பெரிய கேம்களுக்கு ஆங்கிலத்தில் புதிதாகத் தடிமனான கைட் வருகிறதென்றால் அநேகமாக அது பிக்கிபேக் போட்டதாகவோ, ஜெர்மனியின் ஃப்யூச்சர் பிரஸ் போட்டதாகவோ இருக்கும். ஆகவே புதுப் புத்தகம் கொஞ்சம், பழைய புத்தகம் ஏராளம் என்பதுதான் இன்றைய சந்தை. வில்லங்கமும் பெரும்பாலும் அந்தப் பழைய புத்தகங்களில்தான்.

எனக்கு ஆசை வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் அதே காரணம் இருந்தால்தான் இதில் இறங்குவதில் அர்த்தம் இருக்கிறது. கேமில் ஒரு கதவு திறக்கவில்லை என்றால் போனை எடுப்பேன். யூடியூபில் பன்னிரண்டு நிமிட வீடியோ இருக்கும். அதில் எனக்கு வேண்டியது எட்டு வினாடி. மீதி முழுக்க "ஹாய் கைஸ்", சப்ஸ்கிரைப், விளம்பரம். பக்கத்தில் வரிசை கட்டி நிற்கும் வீடியோக்களின் தலைப்பிலேயே கதையில் யார் சாகப்போகிறார், யார் துரோகி என்று போட்டு உடைத்திருப்பார்கள். போதாததற்கு, கையில் எடுத்த போன் வாட்ஸ்அப்புக்கு இழுக்கும், அங்கிருந்து ஆபீஸ் மெயிலுக்கு இழுக்கும். வேலை, வீடு எல்லாம் முடிந்து இரவில் கிடைப்பதே ஒன்றரை மணி நேரம். அதில் பாதியைப் போன் தின்றுகொண்டிருந்தது. மடியில் ஒரு புத்தகம் இருந்தால் போனை அடுத்த அறையில் வைத்துவிடலாமே என்று தோன்றியது.

முதலில் வாங்கியது சைபர்பங்க் 2077 என்ற கேமுக்கு பிக்கிபேக் வெளியிட்ட கைட். 2023 கடைசியில், உள்நாட்டு ஆன்லைன் கடை ஒன்றில், 2,400 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. பார்சலைப் பிரித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நல்ல கனம், வழவழப்பான தாள், ஒவ்வொரு பேட்டைக்கும் தனித்தனி மேப். அன்று இரவு கேமைத் தொடவே இல்லை. எந்தப் பெர்க்கை (நம் பாத்திரம் பெறும் சிறப்புத் திறனை) எந்த வரிசையில் எடுப்பது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே படித்தேன். மறுநாள் பிஎஸ்5-ஐப் போட்டுப் பார்த்தால், குறித்து வைத்த பெர்க்குகளைக் காணவே காணோம். பெயரும் பொருந்தவில்லை, அவை கிளை பிரியும் முறையும் பொருந்தவில்லை. எந்த உடை போட்டால் எவ்வளவு கவசம் என்று புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் பட்டியல் இருக்கிறது. கேமிலோ உடை பெரும்பாலும் அலங்காரத்துக்கு மட்டும், கவசம் என்பது உடம்புக்குள் பொருத்தும் சைபர்வேருக்குப் போய்விட்டது. போலீஸ் துரத்தும் விதமும் வேறு. வயிறு எரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

நடந்தது இதுதான். கேம் வெளிவந்தது 2020 டிசம்பர் 10. புத்தகம் அதை ஒட்டி அச்சானது. 2023 செப்டம்பரில் 2.0 என்ற அப்டேட் வந்து, பெர்க், கவசம், போலீஸ் என்று உள்ளே இருந்த இயந்திரத்தையே கழற்றி மாட்டிவிட்டது. நான் வாங்கியது அதற்குச் சில மாதங்கள் கழித்து. விற்பனைப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. புத்தகம் எழுதியவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. இந்த கைட்டுகள் கேம் வெளியாகும் நாளிலேயே கடைக்கு வந்தாக வேண்டும் என்பதால், எழுதுகிறவர்களுக்கு இன்னும் முடியாத கேமைத்தான் முன்கூட்டியே கொடுப்பார்கள். கேம் தயாரிப்பவர்கள் கடைசி நிமிடம் வரை எண்களை மாற்றிக்கொண்டிருக்க, புத்தகம் அதற்குள் அச்சகத்துக்குப் போயிருக்கும். கார்ட்ரிட்ஜ் காலத்தில் கேம் விற்பனைக்கு வந்த பிறகு மாறாது, அதனால் புத்தகமும் மாற வேண்டியதில்லை. இன்று வெளியாகும் நாளிலேயே ஒரு பேட்ச் (திருத்தம்) வருகிறது.

இதிலிருந்து நான் கற்ற முதல் விஷயம்: வாங்குவதற்கு முன் புத்தகம் எந்த வருடம் அச்சானது என்று பாருங்கள், அப்புறம் அந்த கேமின் அப்டேட் வரலாற்றைத் தேடிப் படியுங்கள். பிழை திருத்தம், சின்னச் சின்ன சமன்படுத்தல் என்று மட்டும் இருந்தால் கவலை வேண்டாம். திறன்கள் திருத்தியமைக்கப்பட்டன, பொருளாதாரம் மாற்றப்பட்டது என்று கண்ணில் பட்டால் அந்தப் புத்தகத்தின் பின்பாதி செத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இடங்கள் அநேகமாக மாறுவதில்லை, எண்கள்தான் மாறுகின்றன. என் புத்தகத்திலும் முக்கியக் கதையின் கிளைகளும் சைடு வேலைகள் இருக்கும் இடங்களும் பெரிதும் சரியாகவே இருந்தன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2.0 அப்டேட் பிஎஸ்4-க்கு வரவே இல்லை. சித்தப்பா மகன் இன்னும் பிஎஸ்4-இல்தான் விளையாடுகிறான். எரிச்சலில் புத்தகத்தை அவனிடம் தள்ளிவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் போன் பண்ணி, "அண்ணே, முக்காவாசி அப்படியே இருக்கு, சூப்பர் புக்கு" என்றான். 2,400 ரூபாய் என்னுடையது, சுகம் அவனுடையது.

அடுத்தது செல்டா வரிசையில் வந்த பிரெத் ஆஃப் த வைல்ட் கேமின் கைட். அதிகம் அலைக்கழித்தது இதுதான். அதிகம் சந்தோஷம் கொடுத்ததும் இதுதான். கேம் 2017 மார்ச்சில் வந்தது. பெரிய திறந்த உலகம், 120 ஷ்ரைன்கள் (புதிர்க் கோயில்கள்), 900 கொரோக் விதைகள் (அங்கங்கே ஒளிந்திருப்பதைத் தேடிச் சேர்ப்பவை). புதிய அப்டேட் வந்து தலைகீழாகும் வாய்ப்பும் இல்லை. முதல் அனுபவத்துக்குப் பிறகு இதுதான் பாதுகாப்பான தேர்வு என்று கணக்குப் போட்டேன். இந்தியாவில் புதுப் பிரதி அப்போது எனக்குக் கிடைக்கவில்லை. வெளிநாட்டு விற்பனைத் தளம் ஒன்றில் ஒருவர் பழைய பிரதியை "மிக நல்ல நிலை" என்று போட்டிருந்தார். புத்தகம் 1,900 ரூபாய் அளவில், தபால் செலவு கிட்டத்தட்ட அதே அளவு. சரி, ஒரு நல்ல ஹோட்டல் சாப்பாட்டைத் தியாகம் செய்தது மாதிரி என்று பணத்தைக் கட்டினேன்.

பார்சல் இந்தியா வந்ததும் கூரியர் நிறுவனத்திடமிருந்து அடையாள ஆவணம் கேட்டு ஒரு மெயில். அது ஸ்பாம் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. பார்சல் நகரவில்லையே என்று நானாகப் போன் செய்தபோதுதான் விஷயமே தெரியும். ஆதாரை அனுப்பி முடித்தால், சுங்க வரி, கையாளும் கட்டணம், கிடங்குக் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்கு மேல் ஒரு பில். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. இறக்குமதியாகும் புத்தகத்துக்கு 2019 பட்ஜெட்டில் 5 சதவீதம் சுங்க வரி போட்டார்கள், அதன்மேல் ஒரு சின்ன கூடுதல் வரி; அவ்வளவுதான் வந்திருக்க வேண்டும். எனக்குப் போட்டிருந்தது அதைவிடப் பல மடங்கு. போனில் பேசிய பையன் பொறுமையாகத்தான் விளக்கினான்: "சார், அனுப்பினவரு டிக்ளரேஷன்ல வீடியோ கேம் ஐட்டம்னு எழுதியிருக்காரு. புக்குன்னு எங்கயுமே இல்லையே சார்." சொந்த உபயோகத்துக்கு வரும் பொருள் என்ற தலைப்பில் போய்விட்டால் வரி விகிதமே வேறு. திருத்தச் சொல்லி மெயில் மேல் மெயில் போட்டேன். கூரியர்காரர்கள் அனுப்பியவரைக் கேட்கச் சொன்னார்கள், அனுப்பியவர் கூரியரைக் கேட்கச் சொன்னார். இதற்கிடையில் கிடங்குக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கட்டித்தான் எடுத்தேன். அந்தச் சில வாரங்களில் எனக்கு வந்த ரத்தக் கொதிப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆகவே வெளிநாட்டிலிருந்து வாங்குவதாக இருந்தால், பணம் கட்டும் முன்பே விற்பவரிடம் இரண்டு விஷயம் எழுத்தில் கேளுங்கள். உள்ளே இருப்பது அச்சிட்ட புத்தகம் என்று சுங்கப் படிவத்திலும் பில்லிலும் தெளிவாக எழுதுவாரா? 4901 என்ற சரக்குக் குறியீட்டைப் போடுவாரா? அச்சுப் புத்தகத்துக்கான தலைப்பு அதுதான். தனியார் கூரியரைவிடச் சாதாரணத் தபாலில் அனுப்பச் சொல்வது நல்லது. மெதுவாக வரும், ஆனால் கையாளும் கட்டணம் என்ற பெயரில் மொட்டையடிப்பது குறைவு. கூரியர் என்றால் ட்ராக்கிங்கில் இந்தியா என்று காட்டிய அன்றே ஸ்பாம் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

புத்தகம் கைக்கு வந்த பிறகு இரண்டாவது அடி. இந்தப் புத்தகத்தோடு தனியாக மடித்து வைத்த பெரிய மேப் ஒன்று வர வேண்டும். அது இல்லை. கைட்டின் உயிரே அந்த மேப்தான். விற்றவருக்கு எழுதினால், விவரத்தில் மேப் உண்டு என்று நான் சொல்லவில்லையே என்று பதில். எழுத்தின்படி அவர் சொன்னது சரிதான். போட்டோவில் முன் அட்டையும் முதுகும் மட்டுமே இருந்தன. சின்னத் தொகை ஒன்றைத் திருப்பித் தந்தார், அதோடு அத்தியாயம் முடிந்தது. பழைய கைட் விற்பவர்களுக்கு உள்ளே போஸ்டர், மேப், ஸ்டிக்கர் எல்லாம் இருக்க வேண்டும் என்பதே பல சமயம் தெரியாது. பிள்ளைகள் வளர்ந்த பின் பரணைக் காலி செய்கிறவர்கள் அவர்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்: உடன் வந்த தனித் தாள்கள் இருக்கின்றனவா, பக்கங்கள் பிய்ந்திருக்கின்றனவா, உள்ளே பேனாவால் டிக் அடித்திருக்கிறதா, விரித்து வைத்து ஒரு போட்டோ தர முடியுமா? பதில் சொல்லத் தயங்கினால் விட்டுவிடுங்கள், வேறு பிரதி வரும். பழைய புத்தகத்தில் டிஜிட்டல் பதிப்புக்கான குறியீடு இருக்கிறது என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் ஒரு பைசா தராதீர்கள். பெரும்பாலும் முதல் சொந்தக்காரர் பயன்படுத்தியிருப்பார். மூடிப்போன பதிப்பகமென்றால் சொல்லவே வேண்டாம்.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. இந்த கேமுக்கு 2017-ல் இரண்டு டிஎல்சி (தனியாக வாங்கி கேமில் சேர்க்கும் கூடுதல் பகுதி) வந்தன, ஜூனில் ஒன்று, டிசம்பரில் ஒன்று. அவற்றையும் சேர்த்து 2018-ல் பிக்கிபேக் இன்னொரு பதிப்பு போட்டது. அட்டையில் எக்ஸ்பாண்டட் எடிஷன் என்று இருந்தால் அது. எனக்கு வந்தது முதல் பதிப்பு. டிஎல்சியில் வரும் வாளுக்கான சோதனையில் மாட்டிக்கொண்டபோது புத்தகத்தைப் புரட்டினால் அந்தச் சோதனையே அதில் இல்லை. டிஎல்சி வரும் என்று தெரிந்த எந்த கேமுக்கும் முதல் பதிப்பை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். ஒரு வருடம் பொறுத்தால் எல்லாம் சேர்ந்த பதிப்பு வர வாய்ப்பு இருக்கிறது. வராவிட்டாலும் பழைய பதிப்பின் விலையாவது இறங்கும்.

இவ்வளவு புலம்பிவிட்டு, அந்தப் புத்தகம் எனக்குப் பிடித்தது என்றால் நம்புவீர்களா? மேப்புக்கு ஒரு வழி செய்தேன். ரசிகர் ஒருவர் இலவசமாகப் போட்டிருந்த மேப்பை எடுத்து, கட்டட பிளான் அச்சடிக்கும் கடையில் பெரிய தாளில் 200 ரூபாய்க்கு அடித்துச் சுவரில் ஒட்டினேன். அதன் பிறகு இரவுகளே மாறிப்போயின. தேடலில் நமக்குத் தெரிந்ததைத்தான் தேட முடியும். புத்தகத்தில் தெரியாதது கண்ணில் படுகிறது. ஒரு ஷ்ரைனைத் தேடிப் போகும் வழியில், இதே பக்கத்தில் இப்படி ஒரு குளம் இருக்கிறதா என்று வேறு திசையில் போய்விடுவேன். 900 கொரோக் விதைகளையும் பொறுக்க வேண்டுமோ என்று மலைத்துக்கொண்டிருந்தேன். ஆயுதங்கள் வைக்கும் பை முழுதும் பெரிதாக 441 போதும் என்று தெரிந்ததும் பெரிய நிம்மதி. (900-ம் சேர்த்தால் கிடைக்கும் பரிசு, பார்ப்பதற்குத் தங்க நிறச் சாணிக் குவியல் மாதிரி இருக்கும். தயாரித்தவர்களுக்குக் குசும்பு அதிகம்.) என் ஏழு வயது மகள் கேம் விளையாட மாட்டாள், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து மேப்பைப் பார்த்து, "அப்பா, ஆத்தைத் தாண்டி இடது பக்கம் போ" என்று வழி சொல்வாள். யூடியூப் வீடியோவை வைத்து இது நடக்காது.

புதிர்களுக்கு விடை பார்ப்பதில் மட்டும் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்வது நல்லது. இந்தப் புத்தகங்களில் விடையும் படமும் ஒரே பக்கத்தில் பளிச்சென்று இருக்கும். ஷ்ரைன் பக்கத்தைத் திறந்தாலே விடை தெரிந்துவிடும், பிறகு அதில் என்ன விளையாட்டு? ஒரு அட்டையை வைத்து மறைத்துக்கொண்டுதான் அந்தப் பகுதியைத் திறப்பேன். கதையை அறியாமல் விளையாட ஆசைப்படுகிறவர்கள் முதல் சுற்றைப் புத்தகம் இல்லாமல் முடித்துவிட்டு, இரண்டாவது சுற்றுக்கு வாங்கினால் இரண்டு விதத்திலும் லாபம். அதற்குள் விலையும் குறையும்.

பழைய கேம் ஆசை பிடித்து அடுத்து வாங்கியது ஃபைனல் ஃபேண்டஸி 9-க்கு 2000-ல் பிராடிகேம்ஸ் வெளியிட்ட கைட். கேம்ஃபேக்ஸ் பிரிண்டோடு மல்லுக்கட்டிய அந்தக் கால ஏக்கம்தான், வேறென்ன. உள்ளூர்ப் பழைய புத்தக வியாபாரி ஒருவரிடம் கிடைத்தது, 1,500 ரூபாய். இந்தப் புத்தகத்தைப் பற்றி முன்பே கேள்விப்பட்டிருந்தால் 50 ரூபாய்க்குக்கூடத் தொட்டிருக்க மாட்டேன். பக்கத்துக்குப் பக்கம் ஒரு பெட்டி. இந்த ரகசியம் தெரிய வேண்டுமா, பிளேஆன்லைன் தளத்துக்குப் போய் இந்தக் குறிச்சொல்லைக் கொடுங்கள் என்று அதில் எழுதியிருக்கும். காசு கொடுத்துப் புத்தகம் வாங்கியவனை நெட்டுக்குப் போகச் சொல்கிறது! வீட்டில் இன்டர்நெட் வராத, வந்தாலும் டயலப்பில் கொர் கொர் என்று இழுத்த 2000-ல். அந்தத் தளத்திலிருந்து அந்தத் தகவல்கள் எல்லாம் எப்போதோ போய்விட்டன. ஆக, இன்று அந்தப் புத்தகத்தில் பாதிக் கேள்விகள் இருக்கின்றன, பதில்கள் இல்லை. பிரிண்ட் எடுத்துப் படித்த அந்த இலவச வாக்த்ரூவே இதைவிட எத்தனையோ மேல். பழைய கைட் வாங்கும்போது அதன் பெயரோடு விமர்சனம் என்று சேர்த்து ஒரு தேடு தேடினால் போதும், இந்த மாதிரி பிரசித்தி பெற்ற சொதப்பல்கள் உடனே தெரிந்துவிடும்.

கைட் விற்பதற்காகவே கேமுக்குள் தெரியாத ரகசியங்களை வைக்கிறார்கள் என்று ஒரு புகார் பல காலமாக உண்டு. அதற்கு எல்லாரும் காட்டுவது 2006-ல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி 12-இல் இருக்கும் ஸோடியாக் ஸ்பியர். கேமிலேயே ஆகச் சிறந்த ஆயுதங்களில் ஒன்று அது. வழியில் வரும் பல பெட்டிகளில் குறிப்பிட்ட நாலு பெட்டிகளைத் திறந்துவிட்டால் அது வர வேண்டிய இடத்தில் வராது. எந்த நாலு என்று கேமுக்குள் ஒரு குறிப்பும் கிடையாது. பெட்டியைக் கண்டால் திறப்பது விளையாடுகிறவனின் இயல்பு. வேண்டுமென்றே செய்தார்களா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் 2017-ல் வந்த மறுவெளியீட்டில் அந்தப் பெட்டி விவகாரத்தை எடுத்துவிட்டார்கள். இதனால் நமக்கு வரும் நடைமுறைச் சிக்கல் வேறு: பழைய கேமின் கைட்டை வாங்கி, புது ரீமாஸ்டரை விளையாடினால் இந்த மாதிரி விஷயங்கள் பொருந்தாது. உங்களிடம் இருக்கும் பதிப்புக்கு வந்த கைட்தானா என்று பார்த்து வாங்குங்கள்.

எங்கள் ஊர் ஈரத்தையும் சொல்லாமல் விட முடியாது. இந்தப் புத்தகங்களில் பலவும் தைத்த கட்டு இல்லை, பசை வைத்து ஒட்டியவைதான். இருபது வருடப் பழைய பசை காய்ந்து போயிருக்கும். டிவி முன்னால் தரையில் விரித்து வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் முதுகு படக்கென்று விடும். ஐப்பசி மழையில் வழவழப்பான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படத்தோடு உரிந்து வரும். அப்புறம் ராமபாணப் பூச்சி. வெளிநாட்டிலிருந்து வரும் கைட் நம் ஊர் ஈரத்தைப் பார்த்ததே இல்லை. சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, வெயில் காலத்தில் ஒரு நாள் நிழலில் விரித்துக் காற்றாட விடுகிறேன். அம்மா வசம்புத் துண்டு போடச் சொன்னார், அதையும் போட்டிருக்கிறேன். இந்த வேலையெல்லாம் முடியாது என்றால் பழைய கைட் பக்கமே போகாதீர்கள். சீல் பிரிக்காத பிரதியை வாங்கி வைத்து நாலு வருடம் கழித்து லாபத்துக்கு விற்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒரு சில அரிய புத்தகங்களுக்கு அது நடக்கும். அதை வாங்கும் ஆள் வேறு நாட்டில் இருப்பார், தபால் செலவிலேயே லாபம் போய்விடும்.

சுருக்கமாக, எதை வாங்கவே வேண்டாம் என்று என் கருத்து: ஃபோர்ட்நைட் மாதிரி சீசனுக்கு சீசன் மாறும் ஆன்லைன் கேம்களுக்கு அச்சு கைட் வீண். நேர்க்கோட்டில் ஓடும் பத்து மணி நேர ஆக்‌ஷன் கேமுக்கும் தேவையில்லை. கேம் வெளியாகும் முன்பே முன்பதிவு செய்ய வேண்டாம். ஃபைனல் ஃபேண்டஸி அல்டிமானியா ஆர்கைவ் என்று ஆங்கிலத்தில் மூன்று தொகுதிகள் அழகாகக் கிடைக்கின்றன. அவை ஓவியமும் பின்னணியும் சொல்லும் புத்தகங்கள், வழி காட்ட மாட்டா. கைட் என்று நினைத்து ஏமாற வேண்டாம். சில நல்ல பழைய கைட்டுகள் இலவசமாகவே வந்திருக்கின்றன: எர்த்பவுண்ட் 1995-ல் அமெரிக்காவில் பெரிய பெட்டியில் கைட்டோடு சேர்த்தே விற்கப்பட்டது. 2013-ல் அதே கேமை மறுபடி விற்பனைக்கு விட்டபோது நின்டெண்டோ அந்தப் புத்தகத்தை நெட்டில் சும்மாவே போட்டது. சுரண்டி முகர்ந்து பார்க்கும் வாசனை அட்டைகளை மட்டும் ஸ்கேன் செய்ய முடியவில்லை, பாவம்.

எல்டன் ரிங் கேமுக்கு ஃப்யூச்சர் பிரஸ் போட்ட தொகுதிகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சித்தப்பா மகனின் நண்பர் ஒருவரிடம் முதல் தொகுதி இருக்கிறது, ஒரு மாதம் கடன் வாங்கி வைத்திருந்தேன். கேம் 2022 பிப்ரவரியில் வந்தது. புத்தகம் அதற்குப் பல மாதம் கழித்து, முழு கேமையும் அலசி ஆராய்ந்து எழுதப்பட்டது. அவசரத்தில் எழுதாத வித்தியாசம் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. ஆயுதங்களின் எண்கள் அப்டேட்டுகளில் மாறியிருக்கலாம். எந்தக் குகைக்குள் யார் காத்திருக்கிறார், அவர் எந்த அடியை எப்போது அடிப்பார் என்பது அப்படியே கைகொடுக்கிறது. ஆனால் முதல் தடவை விளையாடுகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த கேமில் தொலைந்து போவதுதான் சுகமே. முதல் இரண்டு தொகுதிக்கும் சேர்த்து ஆகும் பணத்துக்கு இன்னொரு கேம் வாங்கலாம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன், வாங்கவில்லை.

கடைசியாக வாங்கியது பிரெத் ஆஃப் த வைல்டின் தொடர்ச்சியான டியர்ஸ் ஆஃப் த கிங்டத்துக்கு 2023-ல் பிக்கிபேக் வெளியிட்ட கைட். இந்தத் தடவை உள்நாட்டுப் புத்தக விற்பனையாளரிடம், புதுப் பிரதி, 2,800 ரூபாய் அளவில். வாங்கும் முன் போன் செய்து, மேப் உள்ளே இருக்கிறதா, ஷ்ரிங்க் ரேப் பிரிக்காததா என்று கேட்டேன். கடைக்காரர், "தம்பி, இதுக்கு முன்னாடி யாரும் இப்படிக் கேட்டதே இல்ல" என்று சிரித்துவிட்டுப் போய்ப் பார்த்துச் சொன்னார். இந்த கேமுக்கு டிஎல்சி கிடையாது என்று தயாரிப்பாளரே பேட்டியில் சொல்லிவிட்ட பிறகுதான் பணம் கட்டினேன். தரைக்கு மேல் வானம், தரைக்குக் கீழே பாதாளம் என்று மூன்று அடுக்கு உலகம் அது. தரையில் இருக்கும் 120 ஷ்ரைன்களுக்கும் நேர் கீழே பாதாளத்தில் ஒவ்வொரு லைட்ரூட் (ஒளி தரும் வேர்) இருக்கிறது. திரையில் ஒரு நேரத்தில் ஒரு அடுக்குதான் தெரியும். தாளில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதைவிட நான் அதிகம் புரட்டுவது பின்பக்கத்து உடைப் பட்டியலைத்தான். எந்த உடையை எத்தனாவது நிலைக்கு ஏற்ற எந்தப் பூச்சி எத்தனை வேண்டும் என்று ஒரே பார்வையில் தெரிகிறது. அந்தப் பக்கத்தின் ஓரம் இப்போதே அழுக்காகிவிட்டது.